வங்கியில் மென்பொருள் வேலை: நேர்காணலுக்குப் போகும் முன்

சென்னையில் ஐ.டி. வேலை பார்க்கும் பலர் ஏற்கெனவே ஏதோ ஒரு வங்கிக்காகத்தான் உழைக்கிறார்கள். சம்பளம் தருவது சர்வீஸ் கம்பெனி, கோடு ஓடுவது வங்கியில். இந்த அத்தியாயம் அந்த இடைச்சுவரைத் தாண்டி வங்கியின் சொந்தத் தொழில்நுட்ப மையத்துக்குள் போக நினைப்பவர்களுக்கானது. ஸ்டாண்டர்ட் சார்ட்டர்ட் வங்கி 2001-இல் ஸ்கோப் இன்டர்நேஷனல் என்ற பெயரில் சென்னையில் கடை விரித்தது. இன்று சிட்டி, பாங்க் ஆஃப் அமெரிக்கா, பி.என்.பி. பரிபா, நாட்வெஸ்ட் எல்லாவற்றுக்கும் இங்கே மையம் உண்டு. ஜே.பி. மார்கன், கோல்ட்மேன் சாக்ஸ் வேண்டுமென்றால் பெங்களூருக்கோ ஹைதராபாத்துக்கோ மூட்டை கட்ட வேண்டியிருக்கும்.

பதவிப் பெயர்களைப் பார்த்து மிரள வேண்டாம். அனலிஸ்ட், அசோசியேட், ஏ.வி.பி., வி.பி. என்று ஏறும் ஏணி அது. சர்வீஸ் கம்பெனியில் வைஸ் பிரசிடென்ட் என்றால் தனி அறையும் செயலாளரும் இருக்கும். வங்கியில் வி.பி. என்பவர் பெரும்பாலும் உங்கள் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து கோடு எழுதும் சீனியர் இன்ஜினியர். பத்துப் பன்னிரண்டு வருட அனுபவத்தோடு போகிறவர் "வி.பி. கிரேடா, நமக்கு எட்டாதே" என்று ஒதுங்கிவிட்டால் நஷ்டம் அவருக்குத்தான்.

அவர்கள் எதற்குப் பயப்படுகிறார்கள்

ஒரு தயாரிப்பு நிறுவனத்தின் இன்டர்வியூவையும் வங்கியின் இன்டர்வியூவையும் ஒரே மாதிரி எண்ணித் தயாராகிறவர்கள்தான் அதிகம். கேள்விகள் வெளியே பார்க்க ஒன்று போலத்தான் இருக்கும். ஆனால் எதிரே உட்கார்ந்திருப்பவர் மனதில் ஓடுவது வேறு: 'இவரை உள்ளே விட்டால் எது உடையும்?'

அந்தக் கேள்வி சும்மா வந்ததில்லை. 2012 ஜூனில் பிரிட்டனின் ஆர்.பி.எஸ். குழுமத்தில் இரவு பேட்ச் வேலைகளை வரிசைப்படுத்தும் ஒரு மென்பொருளை மேம்படுத்தினார்கள். அது சிக்கலாகிவிட, பழைய நிலைக்குத் திருப்பப் போன இடத்தில் எல்லாமே குழம்பியது. 65 லட்சத்துக்கும் மேற்பட்ட வாடிக்கையாளர்கள் பாதிக்கப்பட்டார்கள். சம்பளம் ஏறவில்லை, வீட்டுக்கடன் தவணை போகவில்லை. 2014-இல் கட்டுப்பாட்டு அமைப்புகள் போட்ட அபராதம் 5.6 கோடி பவுண்டு. 2018 ஏப்ரலில் அதே நாட்டின் டி.எஸ்.பி. வங்கி சுமார் 52 லட்சம் வாடிக்கையாளர்களின் கணக்குகளைப் புதிய அமைப்புக்கு ஒரே வார இறுதியில் மாற்றப் போய், பலரால் தங்கள் கணக்குக்குள்ளேயே நுழைய முடியாமல் போனது. அதற்கு 2022-இல் 4.865 கோடி பவுண்டு அபராதம். நம் ஊரிலும் இல்லாமல் இல்லை. தொடர்ந்து சேவை தடைப்பட்டதால் ஹெச்.டி.எஃப்.சி. வங்கி புதிய கிரெடிட் கார்டு தரக்கூடாது என்று 2020 டிசம்பரில் ரிசர்வ் வங்கி நிறுத்திவைத்தது. 2024 ஏப்ரலில் கோட்டக் வங்கியும் அதே போன்ற தடையைச் சந்தித்தது. ஆன்லைனில் புதிய வாடிக்கையாளரைச் சேர்க்கவும் முடியாமல் போனது.

இந்தச் சம்பவங்களில் இரண்டையாவது நன்றாகப் படித்துவிட்டுப் போங்கள். ஒப்பிப்பதற்கு அல்ல. பேனலில் இருப்பவரின் பயம் உங்களுக்கும் கொஞ்சம் தொற்றிக்கொண்டால், உங்கள் விடைகள் தானாகவே வேறு மாதிரி வரும்.

சுற்றுகள்

முதலில் ஆன்லைன் கோடிங் டெஸ்ட், பெரும்பாலும் ஹேக்கர்ரேங்க் போன்ற ஒரு தளத்தில். சில வங்கிகள் கேமராவைப் பார்த்துப் பதில் சொல்லும் வீடியோ சுற்றும் வைக்கின்றன. பிறகு இரண்டோ மூன்றோ டெக்னிக்கல் ரவுண்டு, மேனேஜர் ரவுண்டு, ஹெச்.ஆர். அல்காரிதம் கேள்விகள் நடுத்தரக் கடினத்திலேயே நிற்கும்: ஹேஷ்மேப், இரண்டு பாயின்டர், ஹீப், ஸ்டாக், கொஞ்சம் மரம். டிரேடிங் குழுவென்றால் வாங்க-விற்க ஆர்டர்களை விலைவாரியாக வரிசைப்படுத்தும் ஆர்டர் புக் ஒன்றை எழுதச் சொல்லலாம். கடினமான டைனமிக் புரோகிராமிங் கணக்குகளை இரவு பகலாக மனப்பாடம் செய்வது இந்த இடத்துக்கு வீண் உழைப்பு என்பது என் கட்சி. அந்த நேரத்தில் பாதியை அடுத்து வரும் ஒற்றைக் கேள்விக்குக் கொடுங்கள்.

"ஒரு அக்கவுன்ட்ல இருந்து இன்னொரு அக்கவுன்ட்டுக்குப் பணம் மாத்துங்க"

இதைக் கேட்காத வங்கிப் பேனல் அபூர்வம். நேரடியாகக் கேட்காவிட்டாலும் வேறு வேடத்தில் வரும். பலர் உடனே மூன்று வரி எழுதுவார்கள்: இங்கே கழி, அங்கே கூட்டு, சேமி. எழுதிவிட்டு நிமிர்ந்து பார்ப்பார்கள். எதிரே இருப்பவர் அப்போதுதான் நாற்காலியை முன்னே இழுத்துக்கொள்வார்.

எழுதும் முன் கேளுங்கள். இரண்டு கணக்கும் ஒரே டேட்டாபேஸில் இருக்கிறதா? நாணயம் ஒன்றுதானா? ஒரே கோரிக்கை இரண்டு முறை வர வாய்ப்புண்டா? இந்த மூன்று கேள்வியும் கேட்டவருக்கு எழுதாத கோடுக்கே பாதி மதிப்பெண் விழுந்துவிடும்.

முதல் பொறி பணத்தின் வகை. டபுள் என்று எழுதினால் அங்கேயே முகம் சுளிப்பார்கள். 0.1-ஐயும் 0.2-ஐயும் டபுளில் கூட்டினால் 0.30000000000000004 வரும்; கோடிக்கணக்கான பரிவர்த்தனைகளில் அந்த வால் எங்கே போய் நிற்கும் என்று கேட்பார்கள். ஜாவாவில் பிக்டெசிமல் பயன்படுத்துங்கள், அதையும் டபுளிலிருந்து உருவாக்காமல் ஸ்டிரிங்கிலிருந்து உருவாக்குங்கள். 2.0-ம் 2.00-ம் ஈக்வல்ஸுக்குச் சமமில்லை, கம்பேர்டூவுக்குச் சமம் என்பது அடுத்த கிளைக் கேள்வி. "பைசாவாக மாற்றி முழு எண்ணில் வைப்பேன்" என்பதும் நல்ல விடைதான். ஆனால் எல்லா நாணயத்துக்கும் 100-ஆல் பெருக்கிவிட முடியாது. ஜப்பானிய யென்னுக்குத் தசமமே கிடையாது, குவைத் தினாருக்கு மூன்று இடம். இதைச் சொல்கிறவரைப் பேனல் மறக்காது.

இரண்டாவது, பாதியில் விழுந்தால்? கழித்தாயிற்று, கூட்டும் முன் சர்வர் செத்துவிட்டது. இரண்டையும் ஒரே டிரான்ஸாக்‌ஷனுக்குள் வைக்க வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். ஸ்பிரிங்கில் டிரான்ஸாக்‌ஷனல் என்று ஒரு அனொட்டேஷன் போட்டுவிட்டு நிம்மதியாக இருப்பவர்களுக்குத்தான் அடுத்த கேள்வி: அதே கிளாஸுக்குள் ஒரு மெத்தட் இன்னொன்றை நேரடியாகக் கூப்பிட்டால் அது வேலை செய்யுமா? சாதாரண அமைப்பில் செய்யாது. அழைப்பு பிராக்ஸி வழியாகப் போகாமல் உள்ளேயே முடிந்துவிடுகிறது. செக்டு எக்ஸெப்ஷன் எறிந்தால் ரோல்பேக் ஆகுமா? நீங்கள் தனியாகச் சொல்லாவிட்டால் ஆகாது. இவ்விரண்டையும் உங்கள் மடிக்கணினியில் ஒருமுறை செய்து பார்த்துவிடுங்கள். படித்துச் சொல்கிறவருக்கும் பார்த்துச் சொல்கிறவருக்கும் குரலிலேயே வித்தியாசம் தெரியும்.

மூன்றாவதுதான் ருசியானது. ராமு சீதாவுக்கு அனுப்புகிறார். அதே நொடியில் சீதா ராமுவுக்கு அனுப்புகிறார். ஒரு திரெட் ராமுவின் கணக்கைப் பூட்டிவிட்டு சீதாவுக்காகக் காத்திருக்கிறது. மற்றொன்று சீதாவைப் பூட்டிவிட்டு ராமுவுக்காக. இரண்டும் நகராது. டெட்லாக். தீர்வு எளிது: யார் அனுப்பினாலும் சரி, சிறிய கணக்கு எண்ணை முதலில் பூட்டு என்று ஒரே வரிசை வைத்துவிட்டால் வட்டமே உருவாகாது. இதற்கப்புறம் பேச்சு டேட்டாபேஸுக்குப் போகும். டேபிளில் அந்தக் கணக்கின் வரியை முன்கூட்டியே பூட்டிவைக்கும் முறையா, வெர்ஷன் எண்ணை வைத்துக் கடைசியில் சரிபார்க்கும் முறையா? ஒரே கணக்கின் மீது மோதல் அதிகம் வருமென்றால் முதலாவது, அரிதென்றால் இரண்டாவது. "டிபென்ட்ஸ்" என்று மட்டும் சொல்லி நிறுத்திவிடாதீர்கள். எதைப் பொறுத்து என்பதுதான் விடை.

நான்காவது, இரட்டைக் கோரிக்கை. வாடிக்கையாளர் பொத்தானை அழுத்தினார், நெட்வொர்க் தடுமாறியது, மறுபடி அழுத்தினார். முதல் கோரிக்கை உண்மையில் போய்ச் சேர்ந்துவிட்டிருந்தால் பணம் இரண்டு முறை போகும். ஒவ்வொரு கோரிக்கைக்கும் தனி அடையாள எண், அதன் மீது டேட்டாபேஸிலேயே யுனீக் கட்டுப்பாடு. "முதலில் இருக்கிறதா என்று செலக்ட் செய்து பார்ப்பேன், இல்லையென்றால் இன்சர்ட் செய்வேன்" என்று சொன்னால் மாட்டிக்கொள்வீர்கள். அந்த இரண்டுக்கும் நடுவே உள்ள இடைவெளியில் இன்னொரு கோரிக்கை நுழைந்துவிடும்.

ஐந்தாவதை நீங்களே எடுத்துப் போடுங்கள், அவர்கள் கேட்கும்வரை காத்திருக்க வேண்டாம். இருப்பை மட்டும் மாற்றி எழுதிவிட்டுப் போனால், நாளை தணிக்கையாளர் வந்து "இந்தத் தொகை எப்படி வந்தது?" என்று கேட்டால் பதில் இருக்காது. வங்கியில் ஒவ்வொரு அசைவும் லெட்ஜரில் ஒரு பற்று, ஒரு வரவு என்று பதிவாக வேண்டும். ஒருமுறை பதிந்ததை அழிப்பதில்லை. தவறென்றால் எதிர்ப்பதிவு போட்டுத் திருப்புவார்கள். கல்யாண வீட்டு மொய் நோட்டில் தொகையைத் தப்பாக எழுதிவிட்டால் பக்கத்தைக் கிழிக்க மாட்டோம் அல்லவா, அது போல.

ஆறாவது, இரண்டாவது கணக்கு வேறு வங்கியில் இருந்தால்? இப்போது ஒரே டிரான்ஸாக்‌ஷன் என்ற பாதுகாப்பு போய்விட்டது. இதற்கு உதாரணம் தேடி எங்கும் போக வேண்டாம், யு.பி.ஐ. போதும். உங்கள் கணக்கில் பணம் கழிந்துவிட்டது, எதிராளிக்கு வரவில்லை, திரையில் 'பென்டிங்' சுற்றிக்கொண்டிருக்கிறது. அந்த நிலைக்கு ஒரு பெயர் வைத்து டேட்டாபேஸில் சேமித்தே ஆக வேண்டும். வெற்றி, தோல்வி என்ற இரண்டே நிலைகள் போதாது. பதில் வராதது தோல்வி அல்ல, தெரியாத நிலை. தெரியாமலே திருப்பிப் போட்டால் வங்கிக்கு நஷ்டம், திருப்பாமல் விட்டால் வாடிக்கையாளருக்கு நஷ்டம். ஆகவே நிலையை விசாரிக்கும் அழைப்பு, நாள் முடிவில் இரு பக்கக் கோப்புகளையும் ஒப்பிடும் ரீகன்சிலியேஷன், மிஞ்சியதைத் திருப்பும் ஏற்பாடு மூன்றும் வேண்டும். ரிசர்வ் வங்கியின் 2019 செப்டம்பர் சுற்றறிக்கைப்படி ஒருவர் இன்னொருவருக்கு அனுப்பிய யு.பி.ஐ. தொகை சேராவிட்டால் மறுநாளுக்குள் தானாகத் திரும்ப வேண்டும். தாண்டினால் நாளொன்றுக்கு 100 ரூபாய் ஈடு. உங்கள் டிசைனில் இருக்கும் ஒரு டைமருக்கும் அந்த 100 ரூபாய்க்கும் உள்ள தொடர்பை நீங்களே சொல்லிக் காட்டினால், பேச்சு இன்டர்வியூ என்ற தொனியை விட்டு இரண்டு சக ஊழியர்களின் விவாதமாக மாறிவிடும்.

இவ்வளவையும் ஒரே மூச்சில் கொட்டக்கூடாது. முதலில் எளிய வடிவத்தை எழுதி, "இதில் இந்த ஓட்டை இருக்கிறது, அடைக்கட்டுமா?" என்று கேட்டு முன்னேறுங்கள்.

எஸ்.கியூ.எல்.

இரண்டாவது அதிக சம்பளம் யாருக்கு என்ற பழைய கேள்வி இன்னும் சாகவில்லை. அதைவிட வங்கிக்கே உரியது, இரண்டு டேபிள்களில் ஒன்றில் இருந்து மற்றொன்றில் இல்லாத பரிவர்த்தனைகளைக் கண்டுபிடிப்பது. நாட் இன் போட்டு எழுதினால், உள்ளே இருக்கும் குவெரியில் ஒரே ஒரு நல் இருந்தாலும் ஒரு வரியும் திரும்பாது. ரீகன்சிலியேஷன் ரிப்போர்ட் காலியாக வந்து, எல்லாம் சரியாக இருப்பதாக எல்லோரும் வீட்டுக்குப் போய்விடுவார்கள். நாட் எக்ஸிஸ்ட்ஸ் பயன்படுத்துங்கள். ஒவ்வொரு வரியிலும் அதுவரையிலான இருப்பைக் காட்டும் விண்டோ ஃபங்ஷன் குவெரியையும் கைப்பழக்கமாக்கிக்கொள்ளுங்கள்.

பேங்கிங் எவ்வளவு தெரிய வேண்டும்?

வேலை விளம்பரத்தில் எந்தக் குழு என்று இருக்கிறதோ அந்த அளவு. பேமென்ட்ஸ் குழுவென்றால் ஸ்விஃப்ட்டில் வெளிநாட்டுப் பணப்பரிமாற்றத்தின் பழைய எம்.டி. செய்திகள் ஐ.எஸ்.ஓ. 20022 வடிவத்துக்கு மாறியதையும், இரண்டும் சேர்ந்து ஓடிய காலம் 2025 நவம்பரோடு முடிந்ததையும் அறிந்திருங்கள். மார்க்கெட்ஸ் குழுவென்றால் செட்டில்மென்ட் சுழற்சி: இந்தியாவில் பங்கு வர்த்தகம் 2023 ஜனவரியில் முழுமையாக டி பிளஸ் ஒன்றுக்கு (வர்த்தகம் நடந்த மறுநாளே செட்டில்மென்ட்) வந்தது, அமெரிக்கா 2024 மே மாதத்தில் வந்தது. ஒரு நாள் குறைந்ததும் இரவு பேட்ச்களுக்கு என்ன ஆகியிருக்கும் என்று நீங்களே ஊகித்துப் பாருங்கள். பாண்டு விலைக் கணக்கையோ ஆப்ஷன் சூத்திரத்தையோ இரவோடு இரவாகப் படித்துவிட்டுப் போய்ப் பேச வேண்டாம். ஐந்து நிமிடத்தில் சாயம் வெளுத்துவிடும்.

மேனேஜர் ரவுண்டு

டெக்னிக்கலில் ஜொலித்தவர்கள் சறுக்கும் இடம் இதுதான். கேள்வி இப்படி வரும்: "வெள்ளிக்கிழமை சாயங்காலம். புரொடக்‌ஷன்ல ஒரு பிழை. காரணம் உங்களுக்குத் தெரியும், ஒரே ஒரு வரி மாத்தினா போதும். அடுத்த ரிலீஸ் திங்கட்கிழமை. என்ன பண்ணுவீங்க?"

"உடனே சரி பண்ணிடுவேன் சார்" என்று உற்சாகமாகச் சொல்கிறவர் அங்கேயே கழிக்கப்படுகிறார். (பேனலில் யாரையும் பெயர் சொல்லி அழைப்பதுதான் இந்த அலுவலகங்களில் வழக்கம். வாய் தவறி 'சார்' வந்துவிட்டாலும் ஒன்றும் கெட்டுவிடாது.) அவர்கள் எதிர்பார்ப்பது: பாதிப்பு எவ்வளவு என்று பார்ப்பேன், இன்சிடென்ட் பதிவேன், சப்போர்ட் குழுவுக்கும் பிசினஸுக்கும் சொல்வேன், அவசர மாற்றத்துக்கு ஒப்புதல் கேட்பேன், இன்னொருவர் கோடைப் பார்ப்பார், திருப்பி எடுக்கும் வழியைத் தயாராக வைப்பேன், இன்னொருவர் டெப்ளாய் செய்வார். கடைசிச் சொல் முக்கியம். எழுதியவரே ஏற்றக்கூடாது.

ஏன் இத்தனை கெடுபிடி என்பதற்கு வங்கிகள் 1995-இல் மூழ்கிய பேரிங்ஸ் வங்கியைக் காட்டும். அதன் சிங்கப்பூர் கிளையில் நிக் லீசன் என்பவர் வர்த்தகமும் செய்தார், அதன் கணக்கு முடிப்பையும் அவரே கவனித்தார். நஷ்டத்தை ஒரு கணக்கில் மறைத்துவைக்க முடிந்தது. 80 கோடி பவுண்டுக்கு மேல் போய், இருநூறு வருடப் பழமையான வங்கி காணாமல் போனது. செய்பவர் வேறு, சரிபார்ப்பவர் வேறு என்ற விதி உங்கள் டெப்ளாய்மென்ட் பைப்லைன்வரை வந்து நிற்பது அதனால்தான்.

மறுபக்கத்தையும் தெரிந்துவைத்திருந்தால் இன்னும் நல்லது. 2020 ஆகஸ்டில் சிட்டி வங்கி ரெவ்லான் நிறுவனத்தின் கடனுக்கு வட்டியாக மட்டும் சுமார் 78 லட்சம் டாலர் அனுப்ப வேண்டியிருந்தது. ஏறத்தாழ 90 கோடி டாலர் போய்விட்டது. மூன்று பேர் பார்த்து ஒப்புதல் தந்த பரிவர்த்தனை அது. எந்தப் பெட்டிகளை டிக் செய்ய வேண்டும் என்பது அந்தத் திரையில் யாருக்கும் புரியும்படி இல்லை. ஆகவே "ஒப்புதல் வாங்கிவிடுவேன்" என்பதோடு நிற்காமல், ஒப்புதல் தருபவரின் கண்ணுக்கு எது தெரிய வேண்டும் என்றும் யோசிப்பதாகச் சொல்லுங்கள். உண்மையாகவே யோசிப்பவராக இருந்தால் மட்டும்.

சர்வீஸ் கம்பெனியிலிருந்து வருகிறவர்களுக்கு ஒரு தனிக் குறிப்பு. நாம் 'நாங்க பண்ணோம், டீம்ல செஞ்சோம்' என்றே பேசிப் பழகிவிட்டோம். அது அடக்கம், ஆனால் பேனலுக்கு நீங்கள் என்ன செய்தீர்கள் என்பது தெரியாமல் போகிறது. உங்கள் பங்கை 'நான்' என்று தன்மை ஒருமையில் சொல்லுங்கள், டீமின் பங்கை டீமுக்கு விட்டுவிடுங்கள். கிளையன்ட் வங்கியின் பெயர், அதன் உள் எண்கள், கணக்கு விவரங்களை உதாரணத்தில் இழுக்காதீர்கள். பழைய இடத்தின் ரகசியத்தைச் சொல்கிறவர் புதிய இடத்தின் ரகசியத்தையும் சொல்வார் என்று கணக்குப் போடுவார்கள்.

கடைசியில் "எங்ககிட்ட ஏதாவது கேக்கணுமா?" என்பார்கள். கேளுங்கள். எத்தனை நாளுக்கு ஒருமுறை ரிலீஸ்? டிசைன் முடிவுகள் சென்னையில் எடுக்கப்படுகின்றனவா, லண்டனில் எடுக்கப்பட்டு இங்கே கோடாக மட்டும் மாறுகின்றனவா? ஆன்-கால் நியூயார்க் நேரத்துக்கா? பழைய மெயின்ஃப்ரேமுக்கும் புதிய சர்வீஸ்களுக்கும் இடையில் இந்தக் குழு எந்தப் பக்கம்? இரண்டாவது கேள்விக்கு வரும் பதிலின் தயக்கத்தைக் கவனியுங்கள்.

ஹெச்.ஆரும் அதற்குப் பிறகும்

வங்கியின் பின்னணிச் சரிபார்ப்பு மற்ற இடங்களைவிட நுணுக்கமானது. டிகிரி, முகவரி, காவல்துறைப் பதிவு, ஒவ்வொரு பழைய நிறுவனத்திலும் சேர்ந்த தேதி, விலகிய தேதி எல்லாம் பார்ப்பார்கள். பி.எஃப். யு.ஏ.என். வரலாற்றில் இரண்டு நிறுவனங்களின் தேதிகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருந்தால் கேள்வி வரும். முதலிலேயே உங்கள் பாஸ்புக்கைத் திறந்து பார்த்துவிடுங்கள். சில வங்கிகள் கிரெடிட் ரிப்போர்ட்டையும் எடுக்கும் என்பதால் கட்டாமல் விட்ட பழைய கார்டு பாக்கியைத் தீர்த்துவிடுவது நல்லது. ரெஸ்யூமேயில் இரண்டு மாதத்தை இழுத்து நீட்டியிருந்தால் இப்போதே சுருக்கிவிடுங்கள். சேர்ந்து ஆறு மாதம் கழித்துப் பிடிபட்டாலும் அனுப்பிவிடுவார்கள்.

பங்குச் சந்தையில் சொந்தமாக வாங்கி விற்பவரென்றால் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். பல உலக வங்கிகளில், குழுவைப் பொறுத்து, டீமேட் கணக்கை அறிவிக்க வேண்டும், வாங்கும் முன் அனுமதி பெற வேண்டும், வாங்கியதைக் குறிப்பிட்ட காலம் வைத்திருக்க வேண்டும். தினசரி டிரேடிங் செய்து பழகியவர்களுக்கு இது சேர்ந்த முதல் வாரத்தில் அதிர்ச்சியாக இருக்கும். பக்கத்தொழில், குடும்பக் கம்பெனியில் இயக்குநர் பதவி போன்றவற்றையும் எழுத்தில் சொல்ல வேண்டும்.

நோட்டீஸ் பீரியட் தொண்ணூறு நாள் என்றால் அதை முதல் அழைப்பிலேயே சொல்லிவிடுங்கள். பைஅவுட் தொகையை யார் கட்டுவது என்பதை ஆஃபர் லெட்டரில் எழுதி வாங்குங்கள். ஆஃபர் பெரும்பாலும் சரிபார்ப்பு முடிவதற்கு உட்பட்டதாகவே வரும். ஆகவே ராஜினாமா மெயிலை அனுப்பும் முன், தற்போதைய நிறுவனத்தைத் தவிர மற்ற எல்லாச் சரிபார்ப்பையும் முதலில் முடித்துத் தர முடியுமா என்று ஹெச்.ஆரிடம் கேளுங்கள். முடியும் என்று சொல்கிற வங்கிகளும் உண்டு.